புதுச்சேரி மேகமும் பிறக்கும் கோள்களின் நீரும்

1689 டிசம்பர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்றிப் பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. முந்தின ஆண்டு சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், நடந்த அரண்மனைக் கலகத்தில் இருக்க இடமில்லாமல் போன ஏசு சபைப் பாதிரியார்கள் சிலர் இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். கணிதமும் வானியலும் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பதினான்காம் லூயி மன்னர் சயாமுக்கு அனுப்பிவைத்த குழு அது. அவர்களில் ஒருவரான ழான் ரிஷோ அந்த மாதம் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். அப்போது தென் வானத்தின் பிரகாசமான விண்மீன்களில் ஒன்றான ஆல்ஃபா சென்டாரி பார்வைக்குள் வந்தது. வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளி. தொலைநோக்கியில் இரண்டு.

இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கி வழியாக நடந்த முதல் வானியல் கண்டுபிடிப்பு இது என்று அறிவியல் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பாரிஸிலிருந்து அந்த விண்மீனைப் பார்க்கவே முடியாது. அங்கே அது அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. புதுச்சேரியில் எழும், ஆனால் அதிகம் எழாது. உச்சத்தில்கூடத் தெற்கு அடிவானத்திலிருந்து 17 டிகிரி உயரந்தான். மே, ஜூன் இரவுகளில் மேகம் வழிவிட்டால் இன்றைக்கும் ஊருக்குத் தெற்கே போய்ப் பார்த்துவிடலாம்.

அதே விண்மீன் 2025 ஆகஸ்டில் மறுபடி செய்தியானது. ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி, 2024 ஆகஸ்டில் ஆல்ஃபா சென்டாரியின் பெரிய விண்மீனுடைய ஒளியை மறைத்துவிட்டு, அதன் அருகே அகச்சிவப்பில் படம் எடுத்தது. விண்மீனைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளியுடன் ஒரு புள்ளி அதில் இருந்தது. கோள் என்றால், ஏறத்தாழ சனியின் நிறை. நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளிச் சுற்றுகிறது. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் திரும்பப் பார்த்தபோது புள்ளி இல்லை. விண்மீனை நெருங்கி ஒளிந்திருக்கலாம் என்கிறது அந்தக் குழு. இன்னும் உறுதியாகாத கோள் அது. இந்த விஷயத்தில் அவசரம் கூடாது என்பதற்குச் சென்னையே சாட்சி. சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராக இருந்த வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஓஃபியூக்கி என்ற இரட்டை விண்மீன் அருகே கோள் இருப்பதாக 1855லேயே எழுதினார். இல்லை என்று பிறகு தெரிந்தது.

கோள் இருக்கிறதா என்ற கேள்வி இப்படி இழுத்துக்கொண்டு போகட்டும். வானியலாளர்களின் ஆர்வம் இன்று இன்னொரு கேள்வியின் பக்கம் வெகுவாகத் திரும்பியிருக்கிறது. கோள் எதனால் ஆனது? அதற்குள் எவ்வளவு நீர், எவ்வளவு கரி, என்ன பாறை போகும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இதற்கு விடை தேட, பிறந்து முடிந்த கோளைப் பார்த்துப் பயனில்லை. பிறந்துகொண்டிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த இடம் ஒரு வட்டு. வாயுவும் தூசியும் கலந்த இருண்ட மேகம் தன் எடையால் உள்நோக்கிச் சரியும்போது நடுவில் விண்மீன் பிறக்கிறது. மேகத்தில் இருந்த சிறு சுழற்சி, சுருங்கச் சுருங்க வேகமாகி, மிச்சப் பொருளை விண்மீனைச் சுற்றித் தட்டையாகப் பரப்பிவிடுகிறது. இந்த வட்டின் ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். அதற்குள் கோள்கள் உருவாக வேண்டும். இல்லையேல் வாயு கலைந்துவிடும். நம் பூமியும் வியாழனும் இப்படித்தான் வந்தன. நம் வட்டில் முதன்முதலில் இறுகிய திடத் துகள்கள் இன்றும் விண்கற்களுக்குள் இருக்கின்றன. அவற்றின் வயது 456.7 கோடி ஆண்டுகள்.

மேகம் தின்ற பதினோரு ஆண்டுகள்

புதுச்சேரிக்கு வந்த இன்னொரு பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கியோம் லெ ஜான்தி. வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்வதைப் புதுச்சேரியிலிருந்து அளக்க 1760 மார்ச்சில் பிரான்சை விட்டுக் கிளம்பினார். வழியில் போர். இந்தியக் கரையை எட்டும் நேரத்தில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. 1761 ஜூன் 6ஆம் தேதி வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்றிருந்தார். அளவு எடுக்க வழியில்லை. அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டுகள் கழித்து. திரும்பிப் போகாமல் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். மணிலாவுக்குப் போனார், அங்கிருந்து 1768 மார்ச்சில் ஒருவழியாகப் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார்.

ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியிருந்தது. ஆங்கிலேயர் இடித்துப்போட்டிருந்த பழைய கோட்டையின் இடிபாடுகளில், இன்றைய பாரதி பூங்காவைச் சுற்றிய பகுதியில், ஆளுநர் லா த லொரிஸ்தோன் அவருக்கு ஒரு வானாய்வுக் கூடம் அமைத்துக் கொடுத்தார். புதுச்சேரியின் லாஸ்பேட்டை என்ற பெயரில் இருக்கும் ‘லா’ அந்த ஆளுநர்தான். 1769 மே முழுக்கக் காலை வானம் தெளிவாக இருந்தது. ஜூன் 4ஆம் தேதி விடியற்காலையில் மேகம் திரண்டது. வெள்ளி கடந்து முடியும்வரை கலையவில்லை. முடிந்ததும் வெயில் அடித்தது. அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்று வானம் பளிச்சென்று இருந்ததாம். 1771இல் பிரான்சுக்குத் திரும்பினால், செத்துப்போனவர் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் இடம் வேறொருவருக்கு. சொத்தில் பங்கு கேட்டு உறவினர்கள்.

லெ ஜான்தியின் துரதிர்ஷ்டத்தை மட்டும் சொல்லிச் சிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. புதுச்சேரியில் இருந்த நாட்களில் அவர் தமிழ்க் கணக்கர்களின் கிரகணக் கணிப்பு முறையை உட்கார்ந்து கற்று, பதிவு செய்தார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி நடந்த சந்திரகிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னதையும், ஐரோப்பாவின் புகழ்பெற்ற தோபியாஸ் மேயர் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னதையும் உலகுக்குச் சொன்னவர் அவர்தான். பயணத்துக்கு முன்பே, இளைஞராக இருந்தபோது, அன்னம் என்னும் சிக்னஸ் விண்மீன் தொகுதியில் விண்மீன்களற்ற கருந்திட்டு ஒன்றைக் குறித்துவைத்தார். ‘லெ ஜான்தி 3’ என்று இன்றும் அதற்குப் பெயர். இத்தகைய இருண்ட தூசி மேகங்களுக்குள்தான் விண்மீன்கள் பிறக்கின்றன என்பதை அவர் காலத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை.

அவரைத் தோற்கடித்தது காற்றில் இருந்த நீர். இன்றைய வானியலாளர் பிறக்கும் கோள்களின் வட்டில் தேடுவதும் அதே நீரைத்தான். நம் தலைக்கு மேல் இருக்கும் நீர், தொலைவில் இருக்கும் நீரை மறைக்கிறது என்பதே இந்தத் துறையின் தலையாய தொல்லை.

ஏன் பூமியை விட்டுப் போக வேண்டும்?

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான்வரை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கோள் பிறக்கும் வட்டின் உட்பகுதி, அதாவது பூமி போன்ற பாறைக் கோள்கள் உருவாகும் இடம், சில நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. அந்த வெப்பத்தில் வாயுவும் தூசியும் அதிகம் ஒளிர்வது 5 முதல் 30 மைக்ரான்வரை உள்ள அகச்சிவப்பில். அதோடு, ஒவ்வொரு மூலக்கூறும் தன் பிணைப்புகள் அதிரும் தாளத்துக்கு ஏற்ப ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் கோடு போடும். அசிட்டிலீன் 13.7 மைக்ரானில். ஹைட்ரஜன் சயனைடு 14இல். பென்சீன் 14.85இல். கார்பன் டை ஆக்சைடு 15இல். நீராவி மட்டும் ஒரே இடத்தில் அடங்காமல் இந்தப் பரப்பு முழுக்க நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளைத் தூவிவிடுகிறது. நிறமாலையைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால், பல நூறு ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் வாயுவில் என்ன இருக்கிறது, எவ்வளவு சூட்டில் இருக்கிறது, ஏறத்தாழ எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

தரையிலிருந்து இதைச் செய்ய முடியாதா? ஓரளவுதான். நம் வளிமண்டலத்தின் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் இதே அலைநீளங்களை விழுங்குகின்றன. தேடும் மூலக்கூறே வழியில் சுவராக நிற்கிறது. இரண்டாவது சிக்கல், நாம் எல்லோரும் ஒளிர்கிறோம். 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் எந்தப் பொருளும் 10 மைக்ரானை ஒட்டித்தான் அதிகம் ஒளி விடுகிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் காந்தி சிலை, அதன் கீழ் உட்கார்ந்திருப்பவர்கள், மேலே இருக்கும் காற்று, தொலைநோக்கியின் கண்ணாடி எல்லாமே அகச்சிவப்பில் விளக்குகள். ஆகவே தொலைநோக்கியை விண்வெளிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கும் சும்மா விட முடியாது. உறைய உறையக் குளிர்விக்க வேண்டும்.

1983 ஜனவரியில் ஏவப்பட்ட ‘ஐராஸ்’ அப்படிப் போன முதல் பெரிய முயற்சி. அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் சேர்ந்து செய்தது. 60 சென்டிமீட்டர் கண்ணாடி. திரவ ஹீலியம் தீரும்வரை பத்து மாத வாழ்வு. கருவியைச் சரிபார்க்க அபிஜித் விண்மீனைப் பார்த்தபோது, இருக்க வேண்டியதைவிட அது அகச்சிவப்பில் மிக அதிகமாக ஒளிர்ந்தது. விண்மீனைச் சுற்றித் தூசி. மற்ற சூரியன்களைச் சுற்றியும் கோள்களின் கட்டுமானப் பொருள் கிடக்கிறது என்பதற்கு முதல் நேரடித் தடயம் அப்படித் தற்செயலாகக் கிடைத்தது.

1995இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ‘ஐஸோ’ செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 1997இல் ஹேல்-பாப் வால்நட்சத்திரம் வந்ததை வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஐஸோ அதன் தூசியின் நிறமாலையை எடுத்தது. எச்டி 100546 என்ற இளம் விண்மீனின் வட்டையும் எடுத்தது. இரண்டிலும் ஒரே படிகத்தின் கையெழுத்து: மெக்னீசியம் நிறைந்த ஆலிவின். வால்நட்சத்திரம் என்பது நம் சூரியனின் பழைய வட்டில் கோளாகாமல் விடுபட்ட மிச்சம் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. ஒரு புதிரையும் எழுப்பியது. ஆலிவின் படிகமாவதற்குக் கடும் வெப்பம் வேண்டும். வால்நட்சத்திரமோ உறைபனியில் பிறந்தது. அப்படியானால் வட்டின் உள்ளே வெந்த பொருள் வெளியே பயணப்பட்டிருக்க வேண்டும். வட்டு அமைதியான இடமல்ல. அதற்குள் போக்குவரத்து உண்டு. ரிஷோ அன்று தொலைநோக்கியில் பின்தொடர்ந்ததும் இப்படியொரு பழைய மிச்சத்தைத்தான்.

பிறகு ‘ஸ்பிட்சர்’. 2003 முதல் 2020வரை. ஏஏ டாரி என்ற இளம் விண்மீனின் வட்டில், கோள்கள் உருவாகும் உட்பகுதியில், நீராவியும் அசிட்டிலீனும் ஹைட்ரஜன் சயனைடும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதை 2008இல் ஜான் காரும் ஜோன் நஜிதாவும் அதன் துணைகொண்டு காட்டினார்கள். ‘ஹெர்ஷல்’ விண்தொலைநோக்கி 2011இல் டிடபிள்யூ ஹைட்ரே என்ற இளம் விண்மீனின் வட்டில் குளிர்ந்த நீராவியைக் கண்டது. பின்னணியில் பூமியின் கடல்களைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு பனி இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் ஸ்பிட்சரின் பார்வை மங்கல். அடுத்தடுத்த கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து தெரிந்தன.

கயானாவிலிருந்து

2021 டிசம்பர் 25ஆம் தேதி ஜேம்ஸ் வெப் கிளம்பியது பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து. தென் அமெரிக்காவின் வடகரையில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சு மண். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த ஊர் அந்நியமல்ல. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். காய்ச்சலிலும் கடும் உழைப்பிலும் மாண்டவர்கள் ஏராளம். சாவு மிகுந்ததால் ஆங்கிலேய அரசே 1870களில் அந்த ஏற்றுமதியை நிறுத்த வேண்டியிருந்தது. ரீயூனியன், குவாதலூப் போனவர்களின் கதை இங்கே ஓரளவு பேசப்படுகிறது. கயானா போனவர்களை மறந்தே விட்டோம்.

ஆரியன் 5 ராக்கெட் அன்று போட்ட பாதை அவ்வளவு துல்லியமாக அமைந்ததால் திருத்தத்துக்கென வைத்திருந்த எரிபொருள் மிச்சமானது; தொலைநோக்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கலாம் என்கிறார்கள். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. தங்கப்பூச்சு போட்ட 18 அறுகோணத் துண்டுகள் சேர்ந்த 6.5 மீட்டர் கண்ணாடி. டென்னிஸ் மைதானம் அளவில் ஐந்தடுக்கு நிழல்திரை. வட்டுகளின் வேதியியலுக்கு அதில் முக்கியமான கருவி ‘மிரி’. 5 முதல் 28 மைக்ரான்வரை பார்க்கும் இக்கருவியை மைனஸ் 266 டிகிரிக்கும் கீழே குளிர்வித்து வைத்திருக்கிறார்கள். ஸ்பிட்சர் குழைத்துக் காட்டிய கோடுகளை மிரி தனித்தனியாகப் பிரிக்கிறது.

அது காட்டிய முதல் வியப்பு, சின்ன விண்மீன்களில். விருச்சிகத் தொகுதியின் பக்கம், சூரியனின் நிறையில் ஏழில் ஒரு பங்கே உள்ள ஒரு விண்மீனின் வட்டைப் பிரான்சின் பெனுவா தபோன் தலைமையிலான குழு ஆராய்ந்து 2023இல் எழுதியது. நீர் இருக்கும் என்று பார்த்தால், வெல்டிங் பட்டறையில் எரியும் அசிட்டிலீன் மலைமலையாக. கூடவே பென்சீன். வட்டு ஒன்றில் பென்சீன் பிடிபட்டது அதுவே முதல் முறை. நீரின் தடம் தேடவேண்டியிருந்தது. மறு ஆண்டு ஜூனில் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்து ஆதித்யா அரபாவி தலைமையில் இன்னொரு கட்டுரை. ‘ஐஸோ-சாய் 147’ என்ற, அதைவிடச் சிறிய விண்மீனின் வட்டில் கார்பன் சேர்ந்த 13 மூலக்கூறுகளை அக்குழு அடையாளம் கண்டது. அதில் ஈத்தேனும் ஒன்று. சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஈத்தேன் அதுவரை காணப்பட்டதில்லை.

சின்ன விண்மீன்களைச் சுற்றிப் பாறைக் கோள்கள்தான் அதிகம். அவையெல்லாம் நீரற்று, கரிச்சேர்மத்தில் ஊறிப் பிறக்கின்றனவா? அப்படி எழுதிய தலைப்புகளை நானும் படித்தேன். ஆனால் அடுத்த ஆண்டே அரபாவியும் கூட்டாளிகளும் தரவை ஊன்றிப் பார்த்து, பல சிறு விண்மீன்களின் வட்டுகளில் ஹைட்ரோகார்பன் ஒளிவெள்ளத்துக்கு அடியில் நீரின் கோடுகள் ஒளிந்துகிடப்பதைக் காட்டினார்கள். நீர் இல்லாமல் இல்லை. சத்தம் போட்ட அசிட்டிலீன் அதைக் கேட்கவிடவில்லை. இந்தத் துறையின் செய்தியைப் படிக்கும்போது இதை மனதில் வைப்பது நல்லது. வட்டின் மேற்பரப்பில் இருக்கும் சூடான வாயுவை மட்டுமே மிரி காண்கிறது. நடுத்தளத்தில், கோள்கள் உண்மையில் திரளும் இடத்தில், தூசி திரையிட்டு மறைக்கிறது. ‘உயிரின் மூலக்கூறு கிடைத்துவிட்டது’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இந்தத் திரையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கூழாங்கல்லின் பயணம்

இங்கே ஒரு வட்டில் நீர், அங்கே கரி என்று ஏன் பிரிகிறது? விடையின் மையத்தில் இருப்பது கூழாங்கல் அளவுப் பனித்துண்டு.

விண்மீனிலிருந்து விலகப் போகப்போக வட்டு குளிர்கிறது. மைனஸ் 100 டிகிரிக்கும் சற்றுக் கீழே வரும் எல்லையில் நீராவி நேரடியாகப் பனியாகிவிடும். அதற்குப் பனிக்கோடு என்று பெயர். கோட்டுக்கு வெளியே தூசியின் மேல் பனி படிந்து, ஒட்டி, கூழாங்கல் ஆகிறது. வாயு தன் சொந்த அழுத்தத்தால் கொஞ்சம் தாங்கப்படுவதால் விண்மீனைச் சற்று மெதுவாகச் சுற்றும். கூழாங்கல்லுக்கு அந்தத் தாங்கல் கிடையாது. அது வேகமாகச் சுற்றும். விளைவு, கூழாங்கல்லுக்கு எப்போதும் எதிர்காற்று. வேகம் குறைந்து குறைந்து அது உள்ளே சரிந்துகொண்டே வருகிறது. பனிக்கோட்டைத் தாண்டியதும் பனி ஆவியாகி, பாறைக் கோள்களின் பகுதிக்கு நீர் வந்து சேர்கிறது.

நடுவழியில் ஒரு பெரிய கோள் உருவாகி வட்டில் பள்ளம் வெட்டிவிட்டால்? பள்ளத்தின் வெளிக்கரையில் வாயு அழுத்தம் கூடி, கூழாங்கற்கள் அங்கேயே தேங்கிவிடும். உள்ளே வறட்சி. கருத்தளவில் இது பல காலமாகச் சொல்லப்பட்டதுதான். 2023இல் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியா பன்சாத்தி குழு நான்கு வட்டுகளை வெப் வழியாக ஒப்பிட்டது. இரண்டு கச்சிதமானவை; மற்ற இரண்டு வளையங்களும் பள்ளங்களும் கொண்டு அகன்று பரந்தவை. கச்சிதமான வட்டுகளில் பனிக்கோட்டுக்கு உட்புறம் குளிர்ந்த நீராவி உபரியாக இருந்தது. பள்ளம் உள்ளவற்றில் அந்த உபரி இல்லை. நான்கே வட்டுகள்; ஆனாலும் கோட்பாடு சொன்ன திசையிலேயே காட்சி இருந்தது.

நம் வீட்டுக் கதையும் இதில் இருக்கக்கூடும். பூமியின் கடல்கள் அத்தனையும் சேர்த்தால் பூமியின் நிறையில் 0.02 சதவீதத்தைச் சற்றே தாண்டும். நீலக்கோள் என்கிறோமே, கணக்குப்படி வறண்ட கல். வியாழன் சீக்கிரமே வளர்ந்து வெளியிலிருந்து வந்த பனிக் கூழாங்கற்களைத் தடுத்ததால்தான் பூமி இப்படி அளவான நீரோடு நின்றது என்பது ஒரு கருதுகோள். சின்ன விண்மீன்களிலோ சரிவு விரைவாக நடக்கிறது. பனி முன்கூட்டியே வந்து, ஆவியாகி, விண்மீனுக்குள் விழுந்து தீர்ந்துவிட, ஆக்சிஜன் குறைந்து கார்பன் மேலோங்கிவிடுகிறது என்பது அரபாவி போன்றோர் ஆராயும் விளக்கங்களில் ஒன்று. கரித்துகள்களே வெந்து உடைந்து ஹைட்ரோகார்பனாகின்றன என்பது இன்னொன்று. எது சரி என்ற வழக்கு முடியவில்லை.

இவ்வளவு நேர்த்தியாக விதி வகுத்ததும் விதியை மீறும் ஒன்று வந்து நிற்பது இத்துறையில் வாடிக்கை. ‘பிடிஎஸ் 70’ என்ற விண்மீன் 370 ஒளியாண்டு தொலைவில், ஆல்ஃபா சென்டாரி இருக்கும் அதே சென்டாரஸ் தொகுதியில் இருக்கிறது. வயது 54 லட்சம் ஆண்டு. அதைச் சுற்றி இரண்டு பெருங்கோள்கள் வளர்ந்துகொண்டிருப்பதைப் படமாகவே எடுத்திருக்கிறார்கள். உள்வட்டுக்கும் வெளிவட்டுக்கும் நடுவே 800 கோடி கிலோமீட்டர் பள்ளம். மேலே சொன்ன கணக்குப்படி உள்ளே நீர் வந்திருக்கக் கூடாது. ஆனால் ஹைடல்பர்க்கின் ஜூலியா பெரோத்தி குழு 2023இல் அங்கே, விண்மீனிலிருந்து 16 கோடி கிலோமீட்டருக்கு உட்பட்ட பகுதியில், நீராவியைக் கண்டது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அங்கேயே சேர்ந்து நீரானதா? நுண்தூசி பள்ளத்தைத் தாண்டிக் கசிகிறதா? இரண்டுமே நடக்கலாம். பெருங்கோள்கள் காவல் நிற்கும்போதும் உள்ளே பிறக்கும் பாறைக் கோள்களுக்கு நீர் கிடைக்க வழியுண்டு என்பதே இதில் பெரிய செய்தி.

2025 ஜூலையில் வந்த இன்னொரு முடிவு இன்னும் தொடக்கத்துக்குப் போகிறது. ஓரியன் பகுதியில் 1,300 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஹாப்ஸ்-315 என்ற பிஞ்சு விண்மீனைச் சுற்றி, சூடான சிலிக்கன் மோனாக்சைடு வாயுவும், அது குளிர்ந்து படிகமாகத் தொடங்கிய கனிமங்களும் சேர்ந்தே தெரிந்தன. லெய்டனின் மெலிசா மக்ளூர் தலைமையில், வெப்பும் சிலியில் இருக்கும் ‘ஆல்மா’ ரேடியோ தொலைநோக்கியும் சேர்ந்து கண்டது. முதல் கல் இறுகும் கட்டம். நம்முடைய 456.7 கோடி ஆண்டுப் பழைய துகள்கள் பிறந்த கட்டத்தை இன்னொரு வீட்டில் நேரில் பார்ப்பதற்குச் சமம்.

நம் பங்கு என்ன?

உலகளவில் ஒப்பிட்டால் சிறியது, ஆனால் இல்லாமலில்லை. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒரு மீட்டர் தொலைநோக்கியை ஹைதராபாத்திலிருந்து பலூனில் ஏற்றி, வளிமண்டலத்தின் பெரும்பகுதிக்கு மேலே போய் அகச்சிவப்பில் விண்மீன் பிறக்கும் மேகங்களைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவந்திருக்கிறது. அந்நிறுவனத்தின் மனோஜ் புறவங்கரா, வெப் மூலம் பிஞ்சு விண்மீன்களை ஆராயும் பன்னாட்டுக் குழுவில் இருக்கிறார். லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், நீராவி குறைந்த வானத்தின் கீழ் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி நிற்கிறது. அதே நிறுவனத்தின் காவலூர் நிலையம் நமக்கு அருகில், ஜவ்வாது மலையில்.

இல்லாதது, குளிர்விக்கப்பட்ட இந்திய அகச்சிவப்பு விண்தொலைநோக்கி. 2015இல் ஏவிய ஆஸ்ட்ரோசாட் புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் பார்க்கிறது. 2023இல் கிளம்பிய ஆதித்யா எல்-1, வெப் நிற்கும் அதே 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு, சூரியன் இருக்கும் திசையில், போய் நின்று காட்டிவிட்டது. தூரம் நமக்குத் தடையில்லை என்றாகிவிட்டது. கடினம் குளிர்விப்பதில் இருக்கிறது. மைனஸ் 260க்குக் கீழே பல ஆண்டுகள் வைத்திருக்கும் குளிரூட்டியும், அந்தக் குளிரில் வேலை செய்யும் உணர்கருவியும் வேண்டும். நிலவுக்குப் போவதைப்போல இதற்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால் ஒரு சிறிய, 30 - 60 சென்டிமீட்டர் அகச்சிவப்பு நிறமாலைக் கருவிகூட, வெப்பால் நேரம் ஒதுக்க முடியாத நூற்றுக்கணக்கான வட்டுகளைத் தொடர்ந்து கண்காணிக்க உதவும். ஐராஸின் கண்ணாடி அந்த அளவுதான் என்பதை மறக்க வேண்டாம். இஸ்ரோவின் அடுத்த பத்தாண்டுத் திட்டங்களில் இதற்கு இடம் வேண்டும்.

அதுவரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை. வெப்பின் தரவுகள் பால்டிமோரில் இருக்கும் காப்பகத்தில் சேர்கின்றன. பார்த்த குழுவுக்குப் பெரும்பாலும் ஓராண்டு முன்னுரிமை. அதற்குப் பிறகு உலகில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மூலக்கூறுகளின் கோடுகளைப் பட்டியலிடும் ‘ஹிட்ரான்’ தரவுத்தளமும் இலவசம். பிடிஎஸ் 70இன் நிறமாலையை ஒரு சாதாரண மடிக்கணினியில் திறந்து, நீரின் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க இயற்பியல் முதுகலை மாணவரால் முடியும். லாஸ்பேட்டையில் கோளரங்கமும் இருக்கிறது, தாகூர் கலைக் கல்லூரியும் இருக்கிறது; காலாப்பட்டில் பல்கலைக்கழகம். இந்த மூன்று இடங்களிலும் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு மாணவர் ஆய்வுத் திட்டங்களில் ஒன்றையாவது இந்தக் காப்பகத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். தொலைநோக்கி நேரம் கேட்கும் விண்ணப்பத்தையும் ஆண்டுதோறும் எந்த நாட்டிலிருந்தும் அனுப்பலாம். விண்ணப்பித்தவரின் பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துவைத்துத்தான் தேர்வுக் குழு அதை மதிப்பிடுகிறது.